டிஎஸ்எல்ஆருக்கு லென்ஸ், பிளாஷ், பை: எதை முதலில், எப்படிப் பார்த்து வாங்குவது?

கேமரா வாங்கிக் கொஞ்ச நாள் ஆனதும் இன்னொரு லென்ஸ் மீது கண் போகும். கடையில் கேட்டால் ‘காம்போ’ என்று ஒரு 75-300 மி.மீ. ஜூம் லென்ஸ், ஒரு பை, ஆட்டம் காணும் முக்காலி, மூன்று ஃபில்டர் என்று மொத்தமாகக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். அதில் பாதி அலமாரியை விட்டு வெளியே வராது. எதை வாங்க வேண்டும் என்று கடைக்காரரைக் கேட்பதைவிட, நீங்கள் ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கும் படங்களைக் கேட்பது நல்லது. வரிசையில் லென்ஸ் முதலில், பிளாஷ் இரண்டாவது, பை கடைசி. இரண்டாவது லென்ஸுக்கு முன்பே பிளாஷ் வாங்க வேண்டியவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதைப் பின்னால் பார்ப்போம்.

மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத கேமரா) காலத்தில், அந்தக் கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆருக்குச் செலவு செய்வதா என்ற சந்தேகம் நியாயமானது. 2018-ல் கேனானும் நிகானும் தங்கள் புதிய ஃபுல் ஃப்ரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) மிரர்லெஸ் கேமராக்களைக் கொண்டுவந்த பிறகு, புது டிஎஸ்எல்ஆர் வருவது ஏறக்குறைய நின்றே போனது. அதனால் நமக்கு ஒரு லாபம். பலர் மிரர்லெஸுக்கு மாறி, பழைய லென்ஸ்களைத் தள்ளிவிடுகிறார்கள். நல்ல கண்ணாடிகள் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கின்றன. நாளை நீங்களே மாறினாலும் கேனான் இஎஃப் லென்ஸ்களை ஓர் அடாப்டர் (இணைப்பு வளையம்) போட்டு ஆர் வரிசை மிரர்லெஸ் கேமராக்களில் ஆட்டோ ஃபோகஸோடு பயன்படுத்தலாம். நிகானில் எஃப்டிஇசட் அடாப்டர் இருக்கிறது. ஆனால் அதற்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை என்பதால், சொந்த மோட்டார் இல்லாத பழைய லென்ஸ்களை அதில் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

படி 1: உங்கள் பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) எதை ஏற்கும்?

கேனான் என்றால் லென்ஸ் மாட்டும் வளையத்தைப் பாருங்கள். சிவப்புப் புள்ளி மட்டும் இருந்தால் அது ஃபுல் ஃப்ரேம் பாடி. இஎஃப் லென்ஸ்கள் மட்டும் சேரும். கூடவே வெள்ளைச் சதுரம் இருந்தால் கிராப் சென்சார் (அதைவிடச் சிறிய சென்சார்) பாடி. இஎஃப், இஎஃப்-எஸ் இரண்டும் சேரும். 1500டி, 200டி, 80டி எல்லாம் இந்த வகை. அவ்வளவுதான், கேனான்காரர்களுக்குப் பெரிய தலைவலி இல்லை.

நிகானில்தான் கவனம் தேவை. லென்ஸ் மாட்டும் அமைப்பான அதன் எஃப் மவுண்ட் 1959-லிருந்து இருக்கிறது. எந்தக் காலத்து லென்ஸும் ஏதோ ஒருவிதத்தில் மாட்டிக்கொள்ளும், ஆனால் மாட்டிக்கொண்டதெல்லாம் வேலை செய்யாது. டி3000, டி5000 வரிசைகளில் (டி3500, டி5600 வரை) பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. ஆகவே பெயரில் ‘ஏஎஃப்-எஸ்’ அல்லது ‘ஏஎஃப்-பி’ இருக்கும் நிகான் லென்ஸ்தான் இவற்றில் தானாக ஃபோகஸ் ஆகும். ‘50 மி.மீ. எஃப் 1.8 டி’ என்ற பழைய லென்ஸ் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று வாங்கினால், ஒவ்வொரு படத்துக்கும் வளையத்தைக் கையால்தான் திருக வேண்டியிருக்கும். டி90, டி7000, டி7500 போன்றவற்றில் மோட்டார் உண்டு. அங்கே பிரச்சினை இல்லை. எதிர்ப்பக்கமும் ஒரு பொறி இருக்கிறது: புதிய ஏஎஃப்-பி லென்ஸை டி90, டி3200, டி5100 போன்ற பழைய பாடிகளில் போட்டால் ஃபோகஸே நகராது.

கிராப் சென்சாரில் லென்ஸின் பார்வைக் கோணம் குறுகும். கேனானில் 1.6, நிகானில் 1.5 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். 50 மி.மீ. லென்ஸ் கேனான் கிராப் பாடியில் 80 போலவும், நிகானில் 75 போலவும் தெரியும். இந்தக் கணக்கு அடுத்த படிக்கு வேண்டும்.

படி 2: பழைய படங்களைக் கணக்குப் பாருங்கள்

ஒவ்வொரு படத்துக்குள்ளும் அது எந்த மி.மீ.யில் (எண் பெரிதானால் காட்சி கிட்டத்தில் வரும்), எந்த அப்பர்ச்சரில் (லென்ஸின் துளை அளவு; எஃப் எண் சிறிதானால் துளை பெரிது), எந்த ஐஎஸ்ஓவில் (சென்சார் வெளிச்சத்தை உணரும் அளவு) எடுக்கப்பட்டது என்ற விவரம் பதிவாகியிருக்கும். கம்ப்யூட்டரில் படத்தின் ப்ராபர்ட்டீஸைத் திறந்தால் தெரியும். உங்களுக்குப் பிடித்த படங்களை மட்டும் பார்க்காதீர்கள். சரியாக வராததால் அழிக்க நினைத்த படங்களையும் பாருங்கள். அவைதான் உண்மை பேசும்.

கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸில் எடுத்ததில் பெரும்பாலானவை 55-லேயே நின்றிருந்தால் உங்களுக்கு ஜூம் போதவில்லை. எல்லாம் 18-ல் முட்டிக்கொண்டு நின்றால் வைடு (அகலமாகக் காட்டும் லென்ஸ்) வேண்டும். மி.மீ. கலந்திருக்கிறது, ஆனால் ஐஎஸ்ஓ எப்போதும் 3200, 6400 என்றிருக்கிறது, ஷட்டர் வேகம் 1/30 நொடிக்குக் கீழே இறங்கி ஆட்கள் கலங்கியிருக்கிறார்கள் என்றால் உங்கள் குறை வெளிச்சம். அதற்கு இரண்டு மருந்து: பெரிய அப்பர்ச்சர் உள்ள பிரைம் லென்ஸ் (ஜூம் ஆகாதது) அல்லது பிளாஷ். மூன்றுமே இல்லை, படம் சும்மா சுவாரசியமில்லாமல் இருக்கிறது என்றால் எதையும் வாங்க வேண்டாம்.

படி 3: லென்ஸ்

பெரும்பாலானவர்களுக்கு முதல் லென்ஸாக நான் சொல்வது எஃப் 1.8 பிரைம்தான். கிட் லென்ஸ் 55-ல் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. எஃப் 1.8 அதைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஐஎஸ்ஓ 6400-ல் புள்ளி புள்ளியாக வந்த படம் ஐஎஸ்ஓ 640-ல் சுத்தமாக வரும். பின்னணி மங்கி, முகம் மட்டும் தெளிவாக நிற்கும் அந்தத் தோற்றம் கூடவே இலவசமாக வரும்.

50-ஆ, 35-ஆ என்பதுதான் கேள்வி. எல்லாரும் 50 என்பார்கள், காரணம் விலை. கேனானின் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம் (2015-ல் வந்தது) 160 கிராம்தான் எடை. இந்த விலைக்கு இதைவிட நல்ல கண்ணாடி கிடையாது. ஆனால் உங்கள் வீட்டு அறையை நினைத்துப் பாருங்கள். கிராப் கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, நிற்கும் ஒருவரைத் தலை முதல் கால் வரை எடுக்க 50-ல் நீங்கள் சுமார் 4 மீட்டர் தள்ளிப் போக வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் முதுகு சுவரில் இடித்தாலும் மூன்று மீட்டர்தான் கிடைக்கும். 35-ல் மூன்று மீட்டருக்குள் வேலை முடிந்துவிடும். குழந்தை, வீட்டு விசேஷம், சமையல் என்று உள்ளேயே எடுப்பவர்களுக்கு 35 ஏற்றது. நிகானின் கிராப் பாடிகளுக்கென்றே 2009-ல் வந்த 35 மி.மீ. எஃப் 1.8 ஜி இதற்கு அருமையான லென்ஸ். கேனான் கிராப் பாடிக்கு 24 மி.மீ. எஃப் 2.8 எஸ்டிஎம் உண்டு. பிஸ்கட் மாதிரித் தட்டையாக இருக்கும்; 1.8 அளவுக்குத் திறக்காது என்பதுதான் குறை. வெளியே, மொட்டை மாடியில், தோப்பில் ஆட்களை எடுப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு 50 வாங்கலாம். சந்தேகமிருந்தால் கிட் லென்ஸை 35-ல் வைத்துச் செல்லோடேப் ஒட்டி ஒரு நாள் முழுக்க எடுங்கள். மறுநாள் 50-ல் ஒட்டுங்கள். எந்த நாள் எரிச்சல் குறைவு என்று பாருங்கள்.

ஜூம் போதவில்லை என்று கண்டுபிடித்தவர்களுக்கு: கேனானில் 55-250 ஐஎஸ் எஸ்டிஎம். காம்போவில் தள்ளிவிடப்படும் 75-300-ஐத் தொடாதீர்கள். அதில் நடுக்கம் தடுக்கும் வசதி இல்லை, 300-ல் படமும் கூர்மையில்லாமல் இருக்கும். எண் பெரிது என்பதைத் தவிர அதற்கு வேறு பெருமை இல்லை. நிகானில் ஏஎஃப்-பி 70-300 நன்று, ஆனால் அது விஆர் உள்ளது, விஆர் இல்லாதது என்று இரண்டு வடிவங்களில் வந்தது. பெட்டியில் விஆர் என்ற இரண்டெழுத்து இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கேனானில் ஐஎஸ், நிகானில் விஆர், டாம்ரானில் விசி, சிக்மாவில் ஓஎஸ் எல்லாம் ஒன்றுதான். அது தடுப்பது உங்கள் கை நடுக்கத்தை மட்டுமே. ஓடும் குழந்தையை அது நிறுத்தி வைக்காது. அதற்கு வேகமான ஷட்டர் வேண்டும்.

பறவை எடுக்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வேடந்தாங்கலில் கரையில் நின்றுதான் பார்க்க வேண்டும். பறவைகள் ஏரிக்குள் நிற்கும் மரங்களில் இருக்கும். 250-ல் மரமும் கூட்டமும் வரும், ஒற்றை நாரையின் கண் வராது. அதற்கு டாம்ரான் அல்லது சிக்மா 150-600 தேவைப்படும். எடை இரண்டு கிலோவுக்கு நெருக்கம், விலையும் அப்படித்தான். முதலில் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிடுங்கள். லென்ஸ் வாடகைக்கு விடும் கடைகள் பெரிய ஊர்களில் உண்டு.

வைடு லென்ஸ் வீடு, கோபுரம், நிலக்காட்சி எடுப்பவர்களுக்கு. கேனான் 10-18 ஐஎஸ் எஸ்டிஎம், டோக்கினா 11-16 எஃப் 2.8 இரண்டும் பெயர் பெற்றவை. திருமணம், நிகழ்ச்சி என்று காசுக்கு எடுக்கத் தொடங்குபவர்கள் கிட் லென்ஸை விற்றுவிட்டு டாம்ரான் அல்லது சிக்மா 17-50 எஃப் 2.8 வாங்கலாம். ஜூம் செய்தாலும் 2.8 மாறாது, அதுதான் அதன் மதிப்பு.

படி 4: செகண்ட் ஹேண்ட் லென்ஸைச் சோதிப்பது

இதைக் கடையில் நின்றுகொண்டே செய்ய வேண்டும், கூச்சப்படாமல். உங்கள் பாடியையும் கையில் கொண்டுபோங்கள்.

முன்மூடி, பின்மூடி இரண்டையும் கழற்றுங்கள். நிகான் ஜி வகை லென்ஸ் என்றால் கழற்றியதும் அப்பர்ச்சர் இதழ்கள் மூடிக்கொண்டு நிற்கும். பின்னால் இருக்கும் சின்ன நெம்பை விரலால் தள்ளித் திறந்து பிடியுங்கள். கேனானில் அது தானாகவே திறந்திருக்கும். போன் டார்ச்சை ஒரு முனையில் வைத்து, மறுமுனை வழியாக நேராகப் பார்க்காமல் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். நாலைந்து தூசி தெரியும். தெரியட்டும், பாதகமில்லை. சிலந்தி நூல் போலக் கிளை விட்டுப் பரவிய வெள்ளை இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை, வேண்டாம். ‘சர்வீஸ் பண்ணினால் போய்விடும் சார்’ என்பார்கள். போகலாம், ஆனால் கண்ணாடியின் பூச்சை அது அரித்திருந்தால் தடம் போகாது. இழையாக இல்லாமல் முழுக்கப் பால் கலந்தது போல மங்கலாகத் தெரிந்தாலும் அதே பதில்தான். முன் கண்ணாடியில் மெல்லிய கீறல் ஒன்றிருந்தால் அதைக் காட்டி விலை குறைக்கலாம். படத்தில் அது தெரியாது. பின் கண்ணாடியில் கீறல் என்றால் விட்டுவிடுங்கள்.

அடுத்து மவுண்ட் வளையத்தின் திருகாணிகள். அவற்றின் தலை தேய்ந்து பளபளத்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள். நெம்பை விட்டு விட்டுத் தள்ளும்போது இதழ்கள் டக்கென்று மூட வேண்டும். மெதுவாக, ஒட்டிக்கொண்டு நகர்ந்தால் உள்ளே எண்ணெய் கசிந்திருக்கும். கேனானில் நெம்பு இல்லாததால், கேமராவில் மாட்டி எஃப் 8-ல் வைத்து, பாடியில் டெப்த் ஆஃப் ஃபீல்டு பொத்தான் இருந்தால் அதை அழுத்தி முன்பக்கமாகப் பாருங்கள்.

கடைசியாகச் செய்தித்தாள் ஒன்றைச் சுவரில் விரித்து ஒட்டச் சொல்லுங்கள். நேருக்கு நேர் நின்று, அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து படமெடுத்து நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். நான்கும் ஒரே அளவு மங்கலாக இருந்தால் அது அந்த லென்ஸின் இயல்பு. இடது மூலை எழுத்து தெளிவு, வலது மூலை மொத்தமும் குழப்பம் என்றால் லென்ஸ் எங்கோ விழுந்து உள்ளே சாய்ந்திருக்கிறது.

படி 5: பிளாஷ்

வெளிச்சக் குறைதான் உங்கள் பிரச்சினை என்று படி 2-ல் தெரிந்ததா? குடும்ப விசேஷங்களில் குழுப் படம் எடுப்பவர் என்றால் பிரைமுக்கு முன்பே பிளாஷ் வாங்குங்கள். எஃப் 1.8-ல் மூன்று வரிசை ஆட்களை நிறுத்தினால் ஒரு வரிசைதான் தெளிவாக இருக்கும். பிளாஷ் இருந்தால் எஃப் 5.6-ல் எல்லாரையும் பிடித்துவிடலாம்.

பிளாஷின் பலத்தை கைடு நம்பர் சொல்லும். ஐஎஸ்ஓ 100-ல், கைடு நம்பரை அப்பர்ச்சர் எண்ணால் வகுத்தால் வெளிச்சம் எட்டும் தூரம் மீட்டரில் வரும். 40 என்றால் எஃப் 4-ல் 10 மீட்டர். ஐஎஸ்ஓ 400-க்கு ஏற்றினால் தூரம் இரட்டிப்பாகும். கேமராவிலேயே எழுந்து நிற்கும் குட்டி பிளாஷுக்கு இது 10-ஐ ஒட்டித்தான் இருக்கும். எஃப் 5.6-ல் இரண்டு மீட்டர் கூட எட்டாது.

ஆனால் பெட்டியில் இருக்கும் எண்ணை அப்படியே ஒப்பிட முடியாது. கேனான் 430இஎக்ஸ் 43 என்கிறது, நிகான் எஸ்பி-700 28 என்கிறது. கேனான் தன் எண்ணை பிளாஷ் தலையை 105 மி.மீ.க்குக் குறுக்கி அளந்தது, நிகான் 35-ல் விரித்து அளந்தது. ஒரே நிலையில் வைத்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

எண்ணைவிட முக்கியம் தலை திரும்புவது. மேலேயும் பக்கவாட்டிலும் திரும்பாத பிளாஷை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நேராக அடிக்கும் வெளிச்சம் முகத்தில் எண்ணெய் வடிவது போலக் காட்டும், தங்க நகையை வெள்ளைப் புள்ளியாக்கும், பின்னால் சுவரில் கறுப்பு நிழலை ஒட்டும். தலையை வெள்ளைக் கூரைக்குத் திருப்பினால் கூரை முழுவதும் விளக்காகிவிடும். இதற்கு பவுன்ஸ் என்று பெயர். இதில் சுமார் இரண்டு ஸ்டாப் (நான்கில் மூன்று பங்கு) வெளிச்சம் வீணாகும், அதாவது எட்டும் தூரம் பாதியாகும். அதற்காகத்தான் பலமான பிளாஷ் வேண்டும் என்கிறோம், பத்து மீட்டர் தள்ளி நிற்பவரை எடுக்க அல்ல.

கல்யாண மண்டபத்தில் பவுன்ஸ் சொதப்பும். கூரை எட்டாத உயரம், அல்லது மேடைக்கு மேல் சிவப்பும் மஞ்சளுமாகத் துணி கட்டியிருப்பார்கள். அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் மணப்பெண் முகத்தையே மஞ்சளாக்கும். அப்போது தலையைப் பக்கவாட்டு வெள்ளைச் சுவருக்குத் திருப்புங்கள். சுவரும் இல்லையா? சரி, ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை உடன் வந்தவரிடம் கொடுத்து, பக்கத்தில் பிடிக்கச் சொல்லி அதில் அடியுங்கள். விலை கூடிய டிஃப்யூசர்களைவிட (வெளிச்சத்தை மென்மையாக்கும் மூடிகளைவிட) இது நன்றாக வேலை செய்யும். இன்னொன்று: மண்டபத்து மலிவு எல்இடி விளக்குகள் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை மினுங்கும். படத்தில் கோடு கோடாக வந்தால் ஷட்டரை 1/100-ல் வையுங்கள்.

எந்த பிளாஷ்? கோடாக்ஸ் டிடி600 முழுக்க மேனுவல். விலை குறைவு, கற்றுக்கொள்ள நல்லது. டிடி685 டிடிஎல் வகை, வெளிச்சத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும். ஆட்கள் நகர்ந்துகொண்டே இருக்கும் விசேஷங்களுக்கு இதுதான். டிடிஎல் வகையில் கேனானுக்கு ‘சி’, நிகானுக்கு ‘என்’ என்று தனித்தனியாக வரும், மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

கேனான்காரர்கள் இதை இரண்டு முறை படிக்கவும். 1500டி, 3000டி, 200டி மார்க் 2 ஆகிய பாடிகளின் ஹாட் ஷூவில் (மேலே பிளாஷ் மாட்டும் இடம்) நடுவில் இருக்க வேண்டிய பெரிய தொடர்புப் புள்ளியைக் கேனான் எடுத்துவிட்டது. அந்தப் புள்ளியை மட்டும் நம்பும் டிடி600 போன்ற மேனுவல் பிளாஷ்கள் இவற்றில் எரியவே எரியாது. கேனானின் சொந்த பிளாஷ்கள் எரியும். மற்ற நிறுவனங்களின் டிடிஎல் பிளாஷ் என்றால் கடையிலேயே மாட்டி, அடித்துப் பார்த்து, அப்புறம் காசு கொடுங்கள்.

பரணில் கிடக்கும் பழைய ஃபிலிம் காலத்து பிளாஷை எடுத்து மாட்டவும் வேண்டாம். அவற்றில் சில, தொடர்புப் புள்ளியில் 200 வோல்ட்டுக்கு மேல் அனுப்பும். டிஜிட்டல் கேமராவின் சர்க்யூட் போய்விடும்.

பிளாஷோடு எடுக்கும்போது ஷட்டர் வேகம் 1/200 நொடியைத் தாண்டக் கூடாது (சில பாடிகளில் 1/250). தாண்டினால் படத்தின் ஒரு பகுதி கறுப்புப் பட்டையாக வரும். ஹை ஸ்பீடு சிங்க் (வேகமான ஷட்டரிலும் பிளாஷ் எரியும் வசதி) இருந்தால் தாண்டலாம், ஆனால் நிகான் டி3500, டி5600 போன்ற பாடிகளில் அந்த வசதியே இல்லை. அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். பேட்டரிக்கு எனலூப் போன்ற ரீசார்ஜ் செய்யும் ஏஏ இரண்டு செட் வாங்குங்கள். சாதா அல்கலைன் போட்டால் கொஞ்ச நேரத்தில், தாலி கட்டும் சமயமாகப் பார்த்து, அடுத்த பளிச்சுக்குக் காத்திருக்க வைக்கும்.

படி 6: பை

எல்லாம் வாங்கிய பிறகுதான் பை. முன்கூட்டியே வாங்கினால் ஒன்று சிறிதாகும், இல்லை பெரிதாகி, அதை நிரப்பவே அடுத்த லென்ஸ் வாங்கத் தோன்றும்.

உங்களிடம் உள்ளதைக் கடைக்கு எடுத்துப்போய் உள்ளே வைத்துப் பாருங்கள். பாடியில் நீளமான லென்ஸ் மாட்டிய நிலையிலேயே போக வேண்டும்; ஒவ்வொரு முறையும் கழற்றி வைக்கும் பை பயன்படாது. பைக்கில் போகிறவர்களுக்கு முதுகுப் பைதான். ஒற்றைத் தோள் பை வளைவுகளில் முன்னால் சறுக்கி வரும். மார்புப் பட்டை இருக்கிறதா பாருங்கள். பஸ், ரயிலில் போகிறவர்களுக்கு ஜிப் முதுகுப் பக்கம் திறக்கும் வகை நல்லது, பின்னால் நிற்பவர் திறக்க முடியாது. நாள் முழுக்க நின்றபடி லென்ஸ் மாற்றி எடுப்பவர்களுக்கு மட்டும் தோள் பை வசதி.

நிறுவனப் பெயர் பெரிதாக எழுதிய பை ‘உள்ளே கேமரா இருக்கிறது’ என்று ஊருக்கே சொல்லும். கேமரா இன்சர்ட் என்று தடுப்பு வைத்த மெத்தைப் பெட்டி தனியாகக் கிடைக்கிறது. அதைச் சாதாரணக் கல்லூரிப் பைக்குள் வைத்துக்கொண்டால் செலவும் குறைவு, யார் கண்ணும் படாது. எந்தப் பையாக இருந்தாலும் மழை உறை தனியாக வேண்டும். ‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’ துணி தூறலுக்குத் தாங்கும், ஐப்பசி மழைக்குத் தாங்காது. விமானத்தில் போகும்போது உதிரி லித்தியம் பேட்டரிகளைக் கையோடு கொண்டுபோகும் பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போட அனுமதி இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கேமராவைப் பையிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். மெத்தைத் துணி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இருட்டும் ஈரமும் சேர்ந்தால் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? கடலோர ஊர்க்காரர்கள் முடிந்தால் டிரை கேபினெட் (ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் அலமாரி) வாங்கலாம். இல்லையென்றால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று, கால் கிலோ சிலிகா ஜெல், ஈரப்பதம் காட்டும் குட்டி மீட்டர் ஒன்று போதும். முள் 40-க்கும் 50-க்கும் இடையில் நிற்க வேண்டும். 60-ஐத் தாண்டினால் ஜெல்லை ஒரு பழைய வாணலியில் குறைந்த தீயில் வறுத்து, ஆறவைத்து மறுபடி போடுங்கள். நிறம் மாறும் ஜெல் என்றால் நீலத்தை விட்டு ஆரஞ்சு நிறத்தை வாங்குங்கள். நீலத்தில் கோபால்ட் கலந்திருக்கிறது, வறுத்த வாணலியைச் சமையலுக்கும் எடுக்க வேண்டாம்.